கழுதைக்கு எது நார்மல்?

(கால்நடை மருத்துவ மாணவர்களும் ஊர்ப் பொதுமக்களும் கலந்துகொண்ட மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவு. அச்சுக்காகச் சிறிது திருத்தப்பட்டது.)



பேச ஆரம்பிக்கும் முன்னால் ஒரு சின்ன வேலை இருக்கிறது. இதோ, ஊதா மூடி போட்ட குழாய். இரத்தம் உறையாமல் இருக்க உள்ளே மருந்து தடவியது. இன்று மத்தியானம் ஒரு பெட்டைக் கழுதையின் கழுத்திலிருந்து எடுத்த இரத்தம் இதில் நாலு மில்லி இருக்கிறது. மெதுவாக நாலைந்து தடவை தலைகீழாகச் சாய்த்துக் கலக்கிவிட்டு, இந்த டம்ளருக்குள் நிறுத்தி வைக்கிறேன். இனி யாரும் தொட வேண்டாம். கடைசியில் பார்ப்போம்.

கூட்டம் ஏற்பாடு செய்த தம்பி போன் பண்ணி, "சார், தலைப்பு என்ன?" என்று கேட்டார். "ஆரோக்கியமான கழுதையின் இரத்தத்தில் என்னென்ன எவ்வளவு இருக்க வேண்டும்" என்றேன். மறுமுனையில் சத்தமே இல்லை. அப்புறம், "நாய், பூனை ஏதாவது சேர்த்துக்கலாமா சார்?" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கழுதை என்றால் நமக்குக் கற்பூரமும் குட்டிச்சுவரும்தான் ஞாபகம் வரும். அந்தப் பழமொழிகளை இன்று ஒரு மணி நேரம் வாசலில் கட்டிப் போடுவோம். உள்ளே கழுதை மட்டும் வரட்டும்.

இங்கே இருக்கிறவர்களில் பாதிப் பேராவது இரத்தப் பரிசோதனைக் காகிதத்தைக் கையில் வாங்கியிருப்பீர்கள். இடப்பக்கம் பெயர், நடுவில் உங்கள் அளவு, வலப்பக்கம் 'நார்மல்' என்று ஒரு வரிசை. நாம் எல்லாரும் நடுவில் இருப்பதையும் வலப்பக்கம் இருப்பதையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறோம். வெளியே போயிருந்தால் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு குறி இருக்கும். அதைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கும். ஆனால் அந்த வலப்பக்க வரிசை எங்கிருந்து வந்தது என்று கேட்கிறவர்கள் குறைவு. யாருடைய நார்மல் அது? யார் உட்கார்ந்து எழுதினார்கள்?

1969-ஆம் ஆண்டு, பின்லாந்து. ரால்ஃப் கிரேஸ்பெக், நில்ஸ்-எரிக் சாரிஸ் என்ற இருவர் இந்தக் கேள்வியை முறையாகக் கேட்டார்கள். 'நார்மல்' என்ற சொல்லே வழுக்குகிறது, அதை விட்டுவிடுங்கள் என்றார்கள். ஒரு கூட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். அவர்கள் யார், எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று எழுதி வையுங்கள். இரத்தத்தை அளந்து, 'இந்தக் கூட்டத்தில் இப்படி இருந்தது' என்று மட்டும் சொல்லுங்கள். இதற்குத்தான் ரெஃபரன்ஸ் வேல்யூ என்று பெயர். ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு; அதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை.

இன்றைய வழக்கப்படி, ஆரோக்கியமானவை என்று பரிசோதித்துத் தேர்ந்த குறைந்தது 120 பிராணிகளிடம் இரத்தம் எடுக்க வேண்டும். அளவுகளைச் சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசையாக அடுக்கி, கீழே இரண்டரை சதவீதத்தையும் மேலே இரண்டரை சதவீதத்தையும் தள்ளிவிட்டு, நடுவில் மிச்சமிருக்கும் 95 சதவீதத்தின் இரு முனைகளையும் எல்லையாக எழுதுகிறார்கள். தள்ளப்பட்டவையும் ஆரோக்கியமானவைதான் என்பதைக் கவனியுங்கள். நூறு நல்ல கழுதைகளில் ஐந்து, எந்தக் குறையும் இல்லாமலே கோட்டுக்கு வெளியே நிற்கும். இது ஒரு சோதனைக்கு. ஒரே மாதிரியில் ஒன்றையொன்று சாராத இருபது சோதனைகள் செய்தால், முழு ஆரோக்கியமான கழுதைக்கும் ஏதாவது ஒன்று வெளியே போக 64 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது. மாணவர்கள் வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: 0.95-ஐ இருபது தடவை பெருக்கி, ஒன்றிலிருந்து கழியுங்கள். இருபது சோதனையும் எழுதிக் கொடுத்துவிட்டு, சிவப்புக் குறி விழுந்ததற்கெல்லாம் மருந்து எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் எழுதியிருக்கிறேன்.

எப்படி எழுதினேன் என்று சொல்கிறேன்.

ஒரு காலத்தில் நான் வேலை பார்த்த இடத்துக்குப் புது அனலைசர் வந்தது. திரையைத் தொட்டால் முதலில் பிராணியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். நாய், பூனை, குதிரை, மாடு, ஆடு என்று வரிசையாக இருந்தது. கழுதை இல்லை. சரி, கழுதையும் குதிரையும் சித்தப்பன் பெரியப்பன் பிள்ளைகள்தானே என்று குதிரையைத் தொட்டேன். செங்கல் சூளையிலிருந்து கொண்டுவந்த ஆண் கழுதை அது. காலில் புண், வேறு கோளாறு இல்லை, நன்றாகத் தின்றுகொண்டிருந்தது. புண்ணுக்குக் கட்டுப் போட்டு அனுப்பியிருக்கலாம். புது மெஷின் இருக்கிறதே! இரத்தத்தை எடுத்து ஓட்டினேன். ஜி.ஜி.டி. என்று ஒரு நொதி, ஈரலும் பித்தக் குழாய்களும் பாதிக்கப்பட்டால் ஏறுவது. அது 58 என்று வந்தது. பக்கத்தில் மேல்நோக்கிய அம்புக்குறி. கூட வந்தவர் அம்புக்குறியைப் பார்த்துவிட்டு, "ஈரல் கெட்டுப்போச்சா சார்?" என்றார். "கொஞ்சம்" என்றேன். அந்தக் "கொஞ்சம்" என்ற வார்த்தைக்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். இரண்டு வாரத்துக்கு ஈரல் டானிக் எழுதிக் கொடுத்தேன். அவருடைய கூலிக்கு அது சின்னக் காசு இல்லை.

குதிரைக்கு ஜி.ஜி.டி. நாற்பதைத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும். ஆரோக்கியமான கழுதைக்கு 69 வரை போகலாம். அந்தக் கழுதையின் ஈரல் கல்லுக்குண்டு மாதிரி நன்றாக இருந்திருக்கிறது. நான் வாசித்தது குதிரையின் அளவுகோலை.

இந்த 69 எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தின் டெவன் பகுதியில், சிட்மத் என்ற கடலோர ஊரை ஒட்டி ஒரு கழுதைக் காப்பகம் இருக்கிறது. எலிசபெத் ஸ்வென்ட்சன் என்ற அம்மையார் தொடங்கியது. 'தி டாங்கி சாங்க்சுவரி' என்று பெயர். அவர் கழுதைகள் பக்கம் வந்ததும் 1969-இல்தான். பின்லாந்துக்காரர்கள் நார்மல் என்றால் என்ன என்று யோசித்துக்கொண்டிருந்த அதே ஆண்டில் இந்தம்மா முதல் கழுதையை வாங்கியிருக்கிறார். இரண்டுக்கும் சம்பந்தமில்லை, எனக்கு மட்டும் பிடித்த பொருத்தம். அந்தக் காப்பகத்தைச் சேர்ந்தவர்கள் 138 ஆரோக்கியமான வளர்ந்த கழுதைகளின் இரத்தத்தை அளந்து, 2016-இல் எல்லைகளை வெளியிட்டார்கள். அதற்கு முன்னும் அமெரிக்காவிலும், ஸ்பெயினில் அழிந்துவரும் கத்தலான் இனக் கழுதைகளிடமும் இப்படி அளந்திருக்கிறார்கள். ஆனால் இன்று கழுதை வைத்தியர்கள் சட்டென்று எடுத்துப் பார்ப்பது இந்த 138 கழுதைகளின் பட்டியலைத்தான்.

அதிலிருந்து சில எண்களைச் சொல்கிறேன். எல்லாவற்றையும் சொன்னால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். அவர்கள் மில்லிமோல், மைக்ரோமோல் கணக்கில் எழுதுவார்கள். நம் ஊர் லேப் கணக்குக்கு, அதாவது நூறு மில்லிக்கு இத்தனை மில்லிகிராம் என்று, மாற்றிச் சொல்கிறேன்.

கிரியாட்டினின். தசையிலிருந்து வரும் கழிவு, சிறுநீரகம் வெளியேற்றுவது. கழுதைக்கு 0.6-இலிருந்து 1.3 வரை. குதிரைக்கு 1.8 வந்தால்கூடப் பெரும்பாலான பட்டியல்களில் கோட்டுக்குள்தான் இருக்கும். அதே 1.8 ஒரு கழுதைக்கு வந்து, குதிரைப் பட்டியலை வைத்துப் பார்த்தால், "கிட்னி நல்லா இருக்கு" என்று அனுப்பிவிடுவீர்கள். ஜி.ஜி.டி.யில் இல்லாத நோயைக் கண்டுபிடித்தோம். இங்கே இருக்கிற நோயைத் தவறவிடுகிறோம். எது மோசம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பிலிருபினும் அப்படித்தான். மஞ்சள் காமாலையில் கண்ணை மஞ்சளாக்குவது இதுதான். குதிரைக்கு இது இயல்பிலேயே அதிகம். ஒன்று, ஒன்றரை என்று இருக்கும். ஒருநாள் தீனி தின்னாவிட்டால் இன்னும் ஏறும், அதற்காக ஈரல் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. கழுதைக்கோ மேல் எல்லையே சுமார் 0.2. அதற்கு ஒன்று என்று வந்தால் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

சிவப்பணுவைப் பார்த்தால், கழுதைக்கு எண்ணிக்கை குறைவு, ஒவ்வொன்றும் குதிரையுடையதைவிடப் பருமன். குதிரைப் பட்டியலோடு ஒப்பிட்டால் பெரும்பாலான கழுதைகளுக்கு இரத்தசோகை என்றே வரும். அதோடு அந்தப் பேச்சை முடித்துக்கொள்கிறேன். நம் விஷயம் இரத்தத்தின் வேதியியல்.

ஏன் இந்த வித்தியாசம்? குதிரையின் மூதாதையரும் கழுதையின் மூதாதையரும் பிரிந்து சுமார் 40 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62. இரண்டும் சேர்ந்து பெற்ற கோவேறு கழுதைக்கு 63. குதிரை புல்வெளியின் பிள்ளை. கழுதை ஆப்பிரிக்காவின் வறண்ட பூமியில், காய்ந்த குச்சியும் முள்ளும் தின்று, தண்ணீருக்கு வெகுதூரம் நடந்து வந்த பிராணி. ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன் அங்கேதான் மனிதன் அதைப் பழக்கினான் என்று மரபணு ஆய்வு சொல்கிறது. குறைந்த தீனியில் வாழ வேண்டும், அகப்பட்டதைச் சேமிக்க வேண்டும். புரதம் குறைவான தீனி கிடைக்கும் நாளில், கழிவாகப் போக வேண்டிய யூரியாவைக்கூடக் குடலுக்குத் திருப்பி அனுப்பி மறுபடி பயன்படுத்திக்கொள்ளும். நம் வீட்டுப் பாட்டிமார் பழைய சோற்றை வீணாக்காத மாதிரி. அதன் இரத்தம் இந்தச் சிக்கனத்துக்குத் தக்கபடி அமைந்தது. அதைக் குட்டையான குதிரை என்று நினைத்தால் மருந்திலும் தப்பு வரும்: வலிக்குக் கொடுக்கும் ஃபினைல்பியூட்டசோனைக் கழுதையின் உடம்பு குதிரையைவிட வேகமாக வெளியேற்றிவிடும். குதிரைக் கணக்கில் கொடுத்தால் அடுத்த வேளை வருவதற்குள் வலி திரும்பிவிடும். கழுதை வெளியே காட்டிக்கொள்ளாது. நாமும் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம்.

காட்டிக்கொள்ளாது என்று சொன்னேன் அல்லவா, அதுதான் இந்தப் பேச்சுக்கே காரணம். குதிரைக்கு வயிற்று வலி வந்தால் உருளும், உதைக்கும், வியர்வையில் நனையும். கழுதை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஓரமாக நிற்கும். அவ்வளவுதான். "சும்மா டல்லா இருக்கு சார்" என்று கூட்டிவருவார்கள். டல்லாக நிற்கிற கழுதையைக் கண்டால், உருளுகிற குதிரையைக் கண்ட வேகத்தில் ஓட வேண்டும். அது வாயால் சொல்லாததை இரத்தத்திடம்தான் கேட்டாக வேண்டும்.

இப்போது கொழுப்புக்கு வருகிறேன். இன்றைக்கு நான் பேச வந்ததே இதற்காகத்தான்.

ட்ரைகிளிசரைடு உங்களுக்குத் தெரியும். மனிதர்களுக்கு 150-க்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறார்கள். ஆரோக்கியமான கழுதைக்கு 53-இலிருந்து 248 வரை இருக்கலாம். குதிரைக்கு நூறைத் தொடுவதே அபூர்வம். 240 வைத்திருக்கும் ஒரு கழுதை மனித டாக்டரிடம் போனால் எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்தச் சொல்வார்.

பஞ்சத்தில் பிழைக்கக் கற்ற பிராணிக்குக் கொழுப்புதான் வங்கி. கழுத்தின் மேலே, பிடரிமயிருக்கு அடியில் சேர்த்து வைக்கும். சில கழுதைகளுக்கு அது இறுகி ஒரு பக்கமாகச் சாய்ந்தே போய்விடும். தீனி நின்றால் வங்கியைத் திறக்கும். சேமித்த கொழுப்பு கரைந்து ஈரலுக்கு வரும், ஈரல் அதைப் பொட்டலம் கட்டி இரத்தத்தில் அனுப்பும், உடம்பு எரித்துக்கொள்ளும். இதுவரை நல்லதுதான். சிக்கல் என்னவென்றால் கழுதைக்கு இந்தக் கதவைத் திறக்கத் தெரிகிற அளவுக்கு மூடத் தெரியாது. கொழுப்பை அடக்கி வைக்கும் இன்சுலினுக்கு அதன் உடம்பு சரியாகக் கட்டுப்படுவதில்லை. குண்டான கழுதை, சினைக் கழுதை, குட்டிக்குப் பால் கொடுக்கும் கழுதை, பயந்துபோன கழுதை, இவை இரண்டு நாள் தின்னாமல் இருந்தால் வெள்ளம் வருகிற மாதிரி கொழுப்பு வரும். ஈரல் பொட்டலம் கட்டிக்கொண்டே இருக்கும். கட்ட முடியாதது ஈரலிலேயே தங்கும். ஈரல் வீங்கி, மஞ்சளாகி, வெண்ணெய் மாதிரி கொழகொழத்துப் போகும். அடுத்தது சிறுநீரகம். ஈரல் கெடக் கெடக் கழுதைக்குப் பசி இன்னும் போகும். பசி போகப் போகக் கொழுப்பு இன்னும் வரும். ஹைபர்லிபீமியா என்று பெயர். வைத்தியம் பார்த்தும் பாதிக்கு மேல் இறந்துபோகிற நோய்.

எனக்கு இதை ராசாத்தி கற்றுக் கொடுத்தாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. தாமிரபரணிக் கரையில் ஒரு ஊர். சலவைத் தொழிலாளி ஒரு பெரியவர், இரண்டு கழுதை வைத்திருந்தார். துவைத்த மூட்டையை ஏற்றிக்கொண்டு இரண்டும் எப்போதும் ஒன்றன்பின் ஒன்றாகவே போகும். ஒன்று லாரியில் அடிபட்டுச் செத்துப்போனது. மிச்சமிருந்தது ராசாத்தி. நல்ல சதைப்பிடிப்பு, ஒன்பது மாதச் சினை.

"டாக்டரய்யா, சோடி போனதுல இருந்து ஒரு வாய் திங்க மாட்டேங்கு. நாலு நாளாச்சு. சும்மா செவுத்தப் பாத்துக்கிட்டே நிக்கி."

காய்ச்சல் இல்லை. வயிறு உப்பவில்லை. வாயிலிருந்து ஒரு கெட்ட வாடை மட்டும் வந்தது. "ஏக்கம்தான் பெரியவரே, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு, குளுக்கோஸ் கலக்காத சலைன் ஒரு பாட்டில் ஏற்றினேன். எதற்கும் இருக்கட்டும் என்று சிவப்பு மூடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் பிடித்தேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் திரும்பினேன். ஆபீசில் வந்து ஸ்டாண்டில் நிறுத்தி, டீ குடித்துவிட்டு வந்து பார்க்கிறேன். இரத்தம் உறைந்து கீழே சுருங்கியிருக்கிறது, மேலே வைக்கோல் நிறத்தில் சீரம் நிற்க வேண்டும். நிற்பது தேங்காய்ப் பால். முதல் பால். கெட்டியாக, வெள்ளையாக. குழாயைச் சாய்த்தால் கண்ணாடியில் படிந்து இறங்குகிறது.

அப்போது கால்நடைக்கென்று ட்ரைகிளிசரைடு பார்க்கும் வசதி எங்களுக்கு இல்லை. டவுனில் மனிதர்களுக்கான ஒரு லேபில் கொண்டுபோய்க் கொடுத்தேன். எந்தப் பிராணி என்று சொல்லவில்லை. சொன்னால் வாங்க மாட்டார்கள். டெக்னீஷியன் பையன் குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு என் கையிலேயே திருப்பிக் கொடுத்தான்.

"இத ஓட்ட முடியாது சார். நல்லா சாப்பிட்டுட்டு வந்து குடுத்திருக்காங்க. பேஷண்ட்ட நாளைக்கு வெறும் வயித்துல வரச் சொல்லுங்க."

நாலு நாள் பட்டினி கிடந்த உயிரின் இரத்தம் அது.

அந்தப் பையன் மேல் தப்பில்லை. மனிதனுக்கு வயிறு நிறையச் சாப்பிட்டால் சீரம் கலங்கும். பட்டினி இருந்தால் தெளியும். கழுதைக்குத் தலைகீழ். பட்டினி போட்டால் ஏறும். அதனால்தான் சொல்கிறேன், மனிதர்களுக்குச் செய்கிற மாதிரி 'ஃபாஸ்டிங்' இரத்தம் வேண்டும் என்று கழுதையை ராத்திரி முழுக்கக் கட்டிப் போடாதீர்கள். நோயைப் பார்க்கப் போய் நோயை உண்டாக்குகிற வேலை அது. அவன் ஓட்ட முடியாது என்றதும் நியாயம். அனலைசர் சீரத்துக்குள் வெளிச்சத்தைப் பாய்ச்சித்தான் அளக்கிறது. பால் மாதிரி இருந்தால் வெளிச்சம் சிதறி, மற்ற எண்களும் கோணலாக வரும்.

ஆறாம் நாள் ராசாத்தி போய்விட்டாள். குட்டியும் உள்ளேயே. பெரியவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

இன்றைக்கு என்ன செய்வேன் என்று மாணவர்கள் கேட்பீர்கள். முதல் நாளே வாயில் தீனி போக வழி பார்ப்பேன். எதைக் கொடுத்தால் தின்னுமோ அதை. இங்கிலாந்தில் இஞ்சி பிஸ்கட் கொடுத்துப் பார்க்கிறார்கள், நம் ஊரில் வாழைப்பழத் தோல், வெல்லம் தடவிய ரொட்டி, பச்சைப் புல், எதுவானாலும் சரி. தின்னாவிட்டால் மூக்கு வழியே குழாய் விட்டுக் கஞ்சி. நரம்பில் குளுக்கோஸ். தின்ன விடாமல் தடுப்பது எது என்று பல்லிலிருந்து குளம்புவரை தேடுவேன். இன்னொன்றும் உண்டு. சோடிக் கழுதைகளில் ஒன்று செத்தால், அந்தக் காப்பகத்தில் உடலை உடனே அப்புறப்படுத்துவதில்லை. உயிரோடிருக்கும் கழுதையை அதன் பக்கத்திலேயே விட்டுவிடுகிறார்கள். அது முகரும், தள்ளிப் பார்க்கும், ஒரு கட்டத்தில் தானாக விலகிப் போகும். அதற்குப் பிறகுதான் எடுப்பார்கள். அதோடு நிற்பதில்லை; அடுத்த சில வாரங்களுக்கு அது சரியாகத் தின்கிறதா என்று கவனிப்பார்கள், தேவைப்பட்டால் இரத்தத்தில் கொழுப்பையும் பார்ப்பார்கள். துக்கத்துக்கு ஒரு லேப் டெஸ்ட் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது அந்த வழியில்தான்.

இரத்தம் எடுப்பதைப் பற்றிக் கொஞ்சம். மேசையில் இருக்கிற இந்த மாதிரியை எடுக்கும்போது கூடவந்த மாணவி ஒருத்தி இரண்டு தடவை குத்தித் தோற்றுப்போனாள். அவள் கையில் குறையில்லை. கழுதையின் கழுத்துத் தோல் தடிமன். அதற்கு அடியில் ஒரு தட்டைத் தசையும் குதிரையைவிடப் பருமனாக ஓடுகிறது. கழுத்தின் நடுப்பகுதியில் அது சிரையை மூடிக்கொள்ளும். அதனால் மேலே, தாடைக்குக் கீழ் மூன்றில் ஒரு பங்குக்குள், ஊசியைக் கொஞ்சம் செங்குத்தாகப் பிடித்துக் குத்த வேண்டும். குதிரைக்குச் சாய்க்கிற மாதிரி சாய்த்தால் தோலுக்கும் தசைக்கும் நடுவிலேயே ஊர்வலம் போய்க்கொண்டிருப்பீர்கள்.

எடுத்த பிறகும் இரத்தம் உயிரோடுதான் இருக்கிறது. சர்க்கரை பார்க்க வேண்டுமானால் சாம்பல் மூடிக் குழாயில் பிடிக்கச் சொல்வது ஏன்? குழாய்க்குள்ளும் அணுக்கள் பசியோடு சர்க்கரையைத் தின்றுகொண்டேயிருக்கும். அதில் இருக்கும் ஃபுளோரைடு அந்தத் தீனியை நிறுத்தும். ஊதா மூடிக் குழாயில் இருப்பதை எடுத்துக் கால்சியம் பார்த்தால், கழுதை செத்திருக்க வேண்டிய அளவு வரும். இரத்தம் உறையாமல் இருப்பதே அந்த மருந்து கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால்தான். சித்திரை வெயிலில் மாதிரியைப் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புகிற பழக்கம் நமக்கு உண்டு. தெர்மாஸ் பிளாஸ்கில் ஐஸ் கட்டியைப் போட்டு அதன் மேலேயே குழாயைச் செருகி அனுப்புவார்கள். ஐஸ் நேரே பட்ட இடத்தில் அணுக்கள் உடைந்து, சீரம் ரோஸ் மில்க் நிறத்தில் வந்து சேரும். உடைந்த அணுவுக்குள் இருந்த பொட்டாசியம் வெளியே வந்திருக்கும். அதற்குப் பிறகு எந்தப் பட்டியலை வைத்து ஒப்பிட்டு என்ன?

உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கிறதா என்பதிலும் கழுதை நம்மை ஏமாற்றும். இரத்தத்தில் அணுக்களின் பங்கு எவ்வளவு என்று பார்ப்போம், பி.சி.வி. என்று பெயர். கழுதைக்கு 27-இலிருந்து 42. மற்றப் பிராணிகளுக்குத் தண்ணீர் வற்றினால் இது சரசரவென்று ஏறும். 1950-களில் சகாரா பாலைவனத்தில் ஒட்டகங்களை ஆராயப் போன க்னூட் ஷ்மிட்-நீல்சன் கூடவே கழுதையையும் ஆராய்ந்தார். உடல் எடையில் ஏறத்தாழ முப்பது சதவீதம் தண்ணீராகவே போனாலும் தாங்கும். தண்ணீரைக் கண்டதும் போனதைச் சில நிமிடங்களில் குடித்து ஈடுகட்டிவிடும். அவ்வளவு வற்றும்போதும் இரத்த ஓட்டத்துக்குள் இருக்கும் நீரை மட்டும் கடைசிவரை விட்டுக்கொடுக்காது. அதனால் பி.சி.வி. ஒழுங்காக இருக்கிறது, இதற்கு டிரிப் தேவையில்லை என்று முடிவு கட்டாதீர்கள். அது ஏறுகிற நேரத்தில் காரியம் மிஞ்சியிருக்கும்.

இனி எனக்கே உறுத்துகிற ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். குதிரையின் அளவுகோலைக் கழுதைக்கு வைக்காதே என்று இவ்வளவு நேரம் சொன்னேன். ஆனால் டெவன் கழுதையின் அளவுகோலைத் தூத்துக்குடிக் கழுதைக்கு வைக்கலாமா? அங்கே ஈரமான பச்சைப் புல். அளந்து போடுகிற வைக்கோல். பல் பார்க்க ஆள், குளம்பு வெட்ட ஆள், குடற்புழுவுக்கு மருந்து. வேலை கிடையாது. அந்தக் கழுதைகளின் பெரிய பிரச்சினையே உடம்பு பெருத்துப்போவதுதான். நம்முடையது உப்பு மூட்டையோ செங்கல்லோ சுமந்துவிட்டு, சந்தையில் கழித்த முட்டைக்கோஸ் இலையையும் சில சமயம் சுவரொட்டியையும் தின்கிறது. இரண்டுக்கும் ட்ரைகிளிசரைடு மேல் எல்லை ஒன்றாகவே இருக்கும் என்று நான் நம்பத் தயாரில்லை. 248 என்பது அந்தக் கூட்டத்துக்குப் பொருந்தும் எண். என் சூளைக் கழுதைக்கு 230 வந்தால், "கோட்டுக்குள்தானே இருக்கிறது" என்று விட்டுவிட மாட்டேன். பொதி சுமந்துவிட்டு வந்த உடனே எடுத்த இரத்தத்தில் தசை நொதி ஏறியிருப்பதையும் நோய் என்று சொல்ல மாட்டேன். கிரேஸ்பெக்கும் சாரிஸும் எந்தக் கூட்டம் என்று எழுதி வை என்று சொன்னது இதற்காகத்தான்.

சரி, நமக்கென்று ஒன்று போடலாமே என்றால், 120 ஆரோக்கியமான கழுதை வேண்டும். 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியா முழுக்க 3.2 லட்சம் கழுதைகள் இருந்தன. 2019-இல் 1.2 லட்சம். ஏழு ஆண்டில் அறுபது சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை என்பதை வாசலில் கட்டிப் போட்டேன். கயிற்றை அறுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டது, மன்னியுங்கள். வாஷிங் மெஷினும் மினி வேனும் வந்த பிறகு கழுதைக்கு என்ன வேலை? உலக அளவில் தோலுக்கு வேறு போட்டி. சீனாவில் எஜியாவோ என்ற மருந்துக்குத் தோல் தேவைப்பட, ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கில் வெட்டினார்கள்; 2024 பிப்ரவரியில்தான் ஆப்பிரிக்க ஒன்றியம் அதற்குத் தடை சொன்னது. ஹரியானாவின் ஹிசாரில் குதிரை இனங்களுக்கான தேசிய ஆய்வு மையம் இருக்கிறது. ஸ்பிதி, ஹலாரி, கச்சி என்று தனிப் பெயர் பெற்ற கழுதை இனங்கள் வடக்கே இருக்கின்றன. நம் பக்கத்துக் கழுதைக்குப் பெயரும் இல்லை. ஒரு மாவட்டத்தில் நோயில்லாத, புண்ணில்லாத, வளர்ந்த கழுதையாக 120 தேற்ற முடியுமா என்று மாணவர்கள் சிலர் இரண்டு வருஷமாகத் தேடுகிறார்கள். நாற்பது கிடைத்தாலும் போதும், அதற்கு வேறு கணக்கு முறை இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.

அதுவரைக்கும் கழுதை வைத்திருப்பவர்களிடம் நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் கழுதை நன்றாகத் தின்று, நன்றாகக் கத்தி, காதை விறைத்துக்கொண்டு நிற்கிற ஒரு நாளில் கூட்டிக்கொண்டு வாருங்கள். அன்றைக்கு ஒரு தடவை இரத்தம் எடுத்து எழுதி வைத்துக்கொள்வோம். பின்னால் என்றைக்காவது தலையைத் தொங்கப் போட்டால், டெவனையும் ஹிசாரையும் தேடுவதற்கு முன்னால் அந்தக் காகிதத்தை எடுத்துப் பார்க்கலாம். நோய் இல்லாதபோது ஆஸ்பத்திரிக்கு ஏன் வர வேண்டும் என்று சிரிக்கிறார்கள். நாலு பேர் வந்தார்கள். நான்கில் ஒருத்திதான் இன்றைக்கு இரத்தம் கொடுத்தவள்.

குழாயைப் பார்ப்போமா? நான் தொடவேயில்லை, நீங்களே சாட்சி. சிவப்பு முழுக்கக் கீழே இறங்கிவிட்டது. குதிரைக் குடும்பத்து இரத்தம் இப்படித்தான், அணுக்கள் காசு அடுக்கிய மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சீக்கிரம் இறங்கிவிடும். மெஷின் எதுவும் தேவைப்படவில்லை. மேலே நிற்பது பிளாஸ்மா. முன்வரிசையில் இருக்கிற அந்தத் தம்பி இங்கே வாப்பா. இந்தச் செய்தித்தாளைக் குழாய்க்குப் பின்னால் பிடி. ஒட்டினாற்போல். ம். எழுத்து தெரிகிறதா?

"தெரியுது சார்."

வாசி.

"தங்கம் விலை... பவுனுக்கு..."

போதும். கழுதை நன்றாகத்தான் இருக்கிறது.